கணக்குத் தலைப்பு

சனிக்கிழமை காலை கேட்டுக் கொக்கியில்
ஒரு மஞ்சள் பை தொங்கியது.
உள்ளே சீலா, ஒன்றே ஒன்று,
வாலை மடித்துத் திணித்திருந்தார்கள்.
ஐஸ் உருகித் தெருவரைக்கும்
ஈரக்கோடு போயிருந்தது.

கொடுத்தவர் பெயர் இல்லை.
தடைக்காலம், விசைப்படகு எதுவும் கடலில் இல்லை,
ஆகவே நாட்டுப்படகு மீன்.
துப்பு அவ்வளவுதான்.
திங்கள் முதல் சோழியக்குடித் துறையில்
நாற்பத்தொரு படகுகளை நான் அளக்கவேண்டும்.
மீனுக்கு அது தெரிந்திருந்தது.

டைரி என்றால் திருப்பி அனுப்பலாம்.
தீபாவளிப் பெட்டியை அலுவலக மேசையில் பிரித்து
எல்லோருக்கும் பொதுவாக்கலாம்.
மீனுக்கு மதியத்துக்குள் கண் கலங்கிவிடும்.
சமைத்தால் குழம்பு, வைத்திருந்தால் நாற்றம்,
எறிந்தாலோ
'மேடத்துக்கு நம்ம மீன் ஆகாதாம்.'

ஏலக்கூடத்துக்குத் தூக்கிப் போனேன்.
சந்தியாகு சிரிக்காமல் ஏலம் விட்டார்.
அறுநூற்று நாற்பது.
தொண்டி நைனா முகமது எடுத்தார்,
தராசைப் பார்க்காமல்
என் முகத்தையே பார்த்தபடி.

திங்களன்று கருவூலத்தில் சலானை நீட்டினேன்.
'எந்தக் கணக்குத் தலைப்பு மேடம்?'
உரிமக் கட்டணத்துக்கு உண்டு, அபராதத்துக்கு உண்டு,
வேண்டாத மீனுக்கு இல்லை.
கடைசியில் இதர வரவுகள் என்று எழுதி
நோட்டுகளை எண்ணியவர்
விரலை ஒருமுறை மோந்துகொண்டார்.

வேலையில் சேர்ந்த புதிதில் தேநீரையும் மறுத்தேன்.
காரங்காட்டில் ஒரு பெண்
நீட்டிய கிளாஸை மடக்காமல் கேட்டாள்
'தண்ணியுமா லஞ்சம்?'
இப்போதெல்லாம் குடித்துவிட்டு
கிளாஸுக்கு அடியில் பத்து ரூபாய் வைக்கிறேன்.
அதுவும் அவமானம்தான். கொஞ்சம் சின்னது.

பட்டியலில் இருபத்தேழாவது, சகாய மாதா.
உரிமையாளர் வேறு ஆள்.
அதில் கால் பங்கு என் தம்பி ஜெரால்டுக்கு,
எந்தத் தாளிலும் இல்லாத கால் பங்கு.
அதன் இறாலில்தான்
மதுரையில் தங்கித் தேர்வுக்குப் படித்தேன்.
இந்தக் கண்ணாடிகூட
ஒரு நல்ல பாட்டின் மிச்சம்.
அதை யாரும் கேட்டில் தொங்கவிடவில்லை.
நான் ஏலத்துக்கும் கொண்டுபோகவில்லை.

மூன்று இரவு ஒரே கடிதம் எழுதினேன்.
'எனது உடன்பிறந்தவருக்கு மேற்படி படகில்
பங்கு இருப்பதாகத் தெரியவருவதால்'
தெரியவருகிறதாம்.
அடித்துவிட்டு 'இருப்பதால்' என்று எழுதினேன்.
வேறொருவர் அளக்கட்டும் என்று முடித்தேன்.

தம்பி கேட்டான்
'நீ அளந்தா நீளம் கூடிருமாக்கா, குறைஞ்சிருமா?'
கூடாது, குறையாது.
'அப்புறம் என்ன?'
பதில் இருந்தது.
அவன் மனைவி அப்போதுதான் சோறு வைத்தாள்,
வாய் வரவில்லை.

மண்டபத்திலிருந்து ஓர் ஆய்வாளர் வந்தார்.
என்னைவிடப் பதினோரு வருடம் சீனியர்.
சாயங்காலம் தம்பி போன்.
'தங்கமான மனுசன்க்கா.
வேணாம் வேணாம்னுகிட்டே
நண்டை ரெண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டாரு.'

வெள்ளிக்கிழமை அறிக்கை என் மேசைக்கு வந்தது,
கோப்பில் சேர்க்க.
மற்ற நாற்பதும் என் கையெழுத்து.
பதினாலு புள்ளி ஆறு இரண்டு,
பதினைந்து புள்ளி சுழி எட்டு,
மரமும் தச்சனும் உப்பும் விட்ட பின்னங்கள்.
சகாய மாதா மட்டும்
சரியாகப் பதினைந்து மீட்டர்.

இருக்கலாம்.
ஒரு படகு சரியாகப் பதினைந்து இருக்கக்கூடாதா?

அளவுநாடா கைப்பையில் கிடக்கிறது.
அதை எடுக்கும் உரிமையை
நானே எழுதிக் கொடுத்தாயிற்று.
நண்டுக்கு எந்தக் கணக்குத் தலைப்பு?
யாரிடம் கேட்பது,
என்ன உறவில் நின்று கேட்பது?

துளைபோடும் கருவியை எடுத்தேன், வைத்தேன்.
கச்சான் காற்று ஜன்னல் வழியே வந்து
அந்தத் தாளைத் தூக்குகிறது.
என் உள்ளங்கை அதன்மேல் இருக்கிறது,
இன்னும்.